மெய்ப்பாடும் நிழற்படமும்

நிழற்படக் கலையைப் பற்றி எழுதப் புகுந்தவன் தொல்காப்பியத்தை இழுத்து வருகின்றானே என்று வாசகர் நகைக்கக்கூடும். பண்டிதர்களிடம் பாடங் கேட்டவர்களுக்கு இப்பழக்கம் எளிதில் விட்டுப்போவதில்லை. பொருளதிகாரத்தின் ஆறாவது இயலாகிய மெய்ப்பாட்டியல், உள்ளத்தில் நிகழ்வது உடம்பின் வழியாகப் பிறருக்குப் புலனாகும் வகையைக் கூறுகின்றது. நகை முதல் உவகை ஈறாக மெய்ப்பாடுகள் எட்டு, ஒவ்வொன்றும் பிறப்பதற்கு நான்கு நிலைக்களன்கள், ஆக முப்பத்திரண்டு. மாணவனாக இருந்த காலத்தில் இதனை மனனஞ் செய்து பரீட்சையில் எழுதிப் புள்ளியும் பெற்றேன். கமராவைக் கையில் எடுத்த பின்னரே அச்சொல்லின் பொருள் சிறிது சிறிதாக விளங்கத் தொடங்கியது. முற்றாக விளங்கிவிட்டது என்று சொல்லும் துணிவு இன்றும் இல்லை.

1974 ஆம் ஆண்டில், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவை எதிர்பார்த்திருந்த மாதங்களில், யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஸ்ரூடியோ நடத்திய என் தாய்மாமனிடம் உதவியாளாகச் சேர்ந்தேன். ஒடுங்கிய கடையொன்றின் பின்னறை. மாடிப்படியும் தடாகமும் அன்னமும் தீட்டிய திரைச்சீலை. அதன் முன்னே கைபிடிக் கதிரை. பக்கத்தில் பூச்சாடி தாங்கிய முக்காலி. புதுமணத் தம்பதியர் வந்தால் மாப்பிள்ளை கதிரையில் அமர்வார். பெண் அருகில் நிற்பாள். அவளுடைய கை கணவனின் தோளைத் தொடாது. கதிரையின் முதுகைப் பற்றியிருக்கும். “ஆடாதேங்கோ, மூச்சைப் பிடியுங்கோ, கொஞ்சம் சிரியுங்கோ” என்று மாமா மூன்று கட்டளைகளையும் அடுக்காக இடுவார். மூச்சைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது எவ்வாறு என்று எவரும் கேட்டதில்லை. பின்னர் இருட்டறையிலிருந்து வந்த நெகற்றிவின்மீது கூர்ந்த பென்சிலால் மெல்லக் கீறி, அம்மைத் தழும்பையும் நெற்றிச் சுருக்கத்தையும் மறைத்துவிடுவார்.

அப்படங்களை இன்று சிலர் எள்ளி நகையாடுகின்றனர். நான் அக்கூட்டத்தில் சேரேன். ஆயுளில் ஒருமுறையோ இருமுறையோ கமராவின் முன் நின்ற மக்கள், தாம் நல்ல நிலையில் வாழ்ந்தோம் என்று பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பினர். பெருமிதமும் எட்டனுள் ஒன்றுதானே! ஆனால் அந்தக் கணவனுக்கும் மனைவிக்கும் இடையே என்ன இருந்தது என்பதை அப்படங்கள் சொல்லா. அதைச் சொல்லும்படி எவரும் கேட்கவுமில்லை.

கட்டளையிட்டுப் பெறும் சிரிப்பைப் பற்றி மேனாட்டார் நெடுங்காலத்துக்கு முன்பே ஆராய்ந்துள்ளனர். டூஷேன் என்னும் பிரெஞ்சு மருத்துவர், முகத்தசைகளில் மின்சாரம் பாய்ச்சி, எத்தசை எவ்வுணர்ச்சிக்கு உரியது என்று படமெடுத்து 1862 இல் நூலாக வெளியிட்டார். வாயின் ஓரத்தை மேலே இழுக்கும் தசை நம் விருப்பத்துக்குப் பணியும். கண்ணைச் சுற்றிய தசையோ உள்ளம் மகிழ்ந்தாலன்றி அசையாது என்பது அவர் கண்ட முடிபு. அதனையும் வேண்டுமென்றே அசைக்கவல்லார் உளர் என்று பிற்கால ஆய்வாளர் காட்டியுள்ளனர். நல்ல நடிகரைக் கண்டவர்களுக்கு இது புதுமையன்று. உணர்ச்சி வெளிப்பாடு பற்றி டார்வின் 1872 இல் வெளியிட்ட நூலில் டூஷேனின் படங்கள் சிலவற்றோடு ரெய்லாண்டர் என்ற படப்பிடிப்பாளரின் படங்களும் இடம்பெற்றன. கணத்தில் தோன்றி மறையும் முகபாவத்தைப் பற்றும் வேகம் அக்காலக் கமராவுக்கு இல்லை. ஆகவே ரெய்லாண்டர் வியப்பு, வெறுப்பு முதலியவற்றைத் தாமே நடித்துப் படமாக்கினார். விஞ்ஞான நூலுக்கே நடிப்புத் தேவைப்பட்டதென்றால் என் மாமாவை எவ்வாறு குறை கூறுவது?

நம் நாட்டிலேயே நிகழ்ந்த கதையொன்றும் உண்டு. 1863 இல், நாற்பத்தெட்டு வயதில், மகள் பரிசளித்த கமராவால் படமெடுக்கத் தொடங்கிப் பெரும்புகழ் எய்திய யூலியா மார்கரெட் கமரன் அம்மையார் 1875 இல் இலங்கைக்கு வந்து குடியேறினார். செடிகொடிகளை ஓவியமாகத் தீட்டுவதற்காக உலகைச் சுற்றிய மரியான் நோர்த் அம்மையார், 1877 ஆம் ஆண்டளவில் களுத்துறையில் அவருடைய விருந்தினராக இருந்தார். வெப்பமானி 96 பாகை காட்டிய நண்பகலில் அவருடைய கூந்தலை அவிழ்த்துவிட்டு, கம்பளித் துகிலைச் சுற்றி, கூரிய தென்னோலைகள் தலையிற் குத்த நிறுத்திவைத்து, மிக இயல்பாகத் தோன்றும்படி கமரன் அம்மையார் பணித்தாராம். நோர்த் அம்மையார் தம் நினைவுக் குறிப்புகளில் இதனைச் சுவைபட எழுதியிருக்கின்றார். கமரன் அம்மையார் 1879 இல் இலங்கையிலேயே இறந்து பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் இங்கு எடுத்த படங்களுட் சிலவே எஞ்சியுள்ளன. அவற்றில் நிற்கும் தொழிலாளர், கிராமத்தவர் ஆகியோரின் பெயர்கள் தலைப்புகளில் இல்லை. பெயர் கேளாமையைப் பற்றிப் பின்னர் கூறுவேன். நானும் அக்குற்றத்தைச் செய்தவன்.

1975 ஆம் ஆண்டுத் தைப்பொங்கலன்று மாமா தம் யஷிக்கா கமராவை என்னிடம் தந்து, ஊரிலிருந்த பாட்டனாரையும் பாட்டியாரையும் படமெடுத்து வரும்படி அனுப்பினார். இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த காலம். பிலிம் கிடைப்பது அரிது. ஒரு சுருளில் பன்னிரண்டு படம். “எட்டுக்கு மேல எடாதை தம்பி, மிச்சம் கடைக்கு வேணும்” என்று மாமா எச்சரித்திருந்தார். விறாந்தையின் முன் இருவரையும் நிறுத்தினேன். மூன்றாவது ஆள் ஒருவர் வசதியாக நிற்கத்தக்க இடைவெளி இருவருக்கும் நடுவே இருந்தது. நெருங்கி நிற்கச் சொன்னேன். பாட்டியார் அரை அடி நகர்ந்தார், பாட்டனார் அரை அடி விலகினார். நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல நிற்பவர்களைப் போல இருவரும் வில்லையை நோக்கி நின்றனர். எட்டுப் படமும் எடுத்து, முடிந்தது என்று சொல்லிக் கமராவின் மூடியை மூடினேன்.

அப்போது பாட்டனார் உள்ளே போகத் திரும்பினார். அவருடைய சால்வை தோளிலிருந்து நழுவி நிலத்தில் இழுபட்டது. பாட்டியார் குனிந்து அதை எடுத்து, தூசி தட்டி, தோளிற் போட்டு, கழுத்தெலும்பின்மீது மடிப்பை ஒருமுறை நீவிவிட்டார். சட்டை போட்டுவிடும்போது குழந்தை நிற்பதைப் போலப் பாட்டனார் நாடியை உயர்த்திக் கொடுத்துக்கொண்டு நின்றார். ஒருவரையொருவர் பார்க்கவில்லை, ஒரு சொல்லும் பேசவில்லை. இவ்வளவும் நடந்து முடிய ஐந்து விநாடி சென்றிருக்குமோ என்னவோ. நான்கு படம் மிச்சமிருந்த கமராவை மூடியபடியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

கடைக்குத் திரும்பி இதை மாமாவிடம் சொன்னேன். அவர் வியப்படையவில்லை. “முடிஞ்சுது எண்டு சொன்னாப் பிறகுதான் சனம் மூச்சு விடும். அந்த நேரத்துக்கெண்டு ஒரு படம் மிச்சம் வை” என்றார். முப்பது ஆண்டுகளாகச் சனங்களின் மூச்சைப் பிடிக்க வைத்தவர் இதை அறிந்திருந்தார் என்பதே எனக்கு வியப்பு. அடுத்த ஆண்டு பாட்டனார் காலமானார். எட்டுப் படங்களுள் ஒன்றிலிருந்து அவரை மட்டும் வெட்டியெடுத்துப் பெருப்பித்து மாலையிட்டு வைத்தோம். ஓரத்தில் பாட்டியாரின் சேலைத் தலைப்பு ஒரு துண்டு மட்டும் எஞ்சியிருந்தது.

அந்த யஷிக்காவின் அமைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேலும் கீழுமாக இரு வில்லைகள் கொண்டது. கழுத்தில் தொங்கவிட்டு, குனிந்து, மேலுள்ள கண்ணாடியில் உருவத்தைப் பார்க்க வேண்டும். இடம் வலமாக மாறித் தெரியும். எடுப்பவரின் முகம் கமராவின் பின்னே மறைவதில்லை. தலை நிமிர்ந்தால் எதிரே இருப்பவருடன் கண்ணோடு கண் பேசலாம். தலை குனிந்தால் வணங்குவது போலிருக்கும். முகத்தை மூடிக்கொண்டு குறிபார்க்கும் கமராக்கள் பின்னர் என்னிடம் வந்தபோதுதான் இந்த வேறுபாட்டை உணர்ந்தேன்.

ஆசிரியத் தொழிலில் சேர்ந்த பின்னர், கொழும்பு நண்பர் ஒருவர் தந்த ஆங்கிலச் சஞ்சிகை மூலம் கார்த்தியே பிரெஸோன் என்னும் பிரெஞ்சுக் கலைஞரின் படங்கள் அறிமுகமாயின. சிறிய லைக்கா கமராவின் பளபளப்பான பகுதிகளைக் கறுப்பு நாடாவால் மறைத்து, எவரும் அறியாமல் தெருக்களில் உலவியவர் அவர். 1952 இல் வெளிவந்த அவருடைய நூல் ஆங்கிலத்தில் தீர்க்கமான கணம் என்று பொருள்படும் பெயரைப் பெற்றது. பிரெஞ்சுத் தலைப்பு வேறு: அனுமதியின்றித் தெருவில் பொருள் விற்று, காவலரைக் கண்டதும் ஓடத் தயாராக நிற்பவனைக் குறிக்கும் தொடர் அதில் வருகின்றது. இந்த நுட்பம் எனக்குத் தெரிந்தது பல ஆண்டுகளின் பின்னர். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் அறியாமற் பிடித்தால் உண்மை அகப்படும் என்ற ஒன்றுதான்.

1984 ஆம் ஆண்டில், இளைஞர்கள் நாளாந்தம் நாட்டைவிட்டுப் போய்க்கொண்டிருந்த நாட்களில், யாழ்ப்பாணப் புகையிரத நிலையத்தில் ஒரு தூணின் பின்னே கமராவோடு நின்றேன். நண்பர் ஒருவரை வழியனுப்ப வந்தவன் நான். கொழும்பு வண்டி நகர்ந்தது. இருபது வயது மதிக்கத்தக்க மகனைக் கையசைத்து அனுப்பிய தாயொருவர், வண்டியின் கடைசிப் பெட்டி மேடையைக் கடந்ததும், சேலைத் தலைப்பை வாயிற் பொத்திக்கொண்டு விம்மி அழுதார். நான் விசையை அழுத்தினேன். ஓசை அவருக்குக் கேட்கவில்லை.

என் படங்களுள் அதற்கு இணையானது அதுவரை இல்லை. கண்ணின் நீர், நரம்பு புடைத்த கை, பின்னே வெறுமையான தண்டவாளம் எல்லாம் தெளிவாக விழுந்திருந்தன. நண்பர்கள் பாராட்டினர். பாடசாலைக் கண்காட்சியில் “பிரிவு” என்று தலைப்பிட்டு மாட்டினேன். அழுகைக்குத் தொல்காப்பியனார் வகுத்த நான்கு நிலைக்களன்களுள் இது இழவின்பாற்படும் என்று மாணவருக்கு விளக்கமும் சொன்னேன்!

கண்காட்சியின் இரண்டாம் நாள் மாலை அந்தத் தாய் வந்தார். அயலவர் எவரோ சொல்லியிருக்க வேண்டும். படத்தின் முன் நெடுநேரம் நின்றார். பின்னர் என்னிடம் வந்து, கோபமின்றி, தாழ்ந்த குரலிற் பேசினார்.

“தம்பி, இதை நீங்களோ எடுத்தனீங்கள்?”

“ஓம் அம்மா.”

“அவன் போகுமட்டும் நான் அழேல்லை. அழுதா அவன் ஏறமாட்டான் எண்டு எனக்குத் தெரியும். கோச்சி போனாப் பிறகுதான் அழுதனான். இந்தப் படம் ஆற்றையேன் கையால அவனுக்குப் போனா என்ன செய்யிறது?”

எனக்கு மறுமொழி இல்லை. அவருடைய அழுகையை நான் கண்டேன். அதைவிடப் பெரியதாகிய, அவர் அடக்கி வைத்திருந்த அரைமணி நேரத்தைக் காணவில்லை. அவ்வளவு நேரமும் அதே மேடையில், பத்தடி தூரத்தில் நின்றிருந்தேன். மகனின் சட்டைக் கழுத்தை அவர் சரிசெய்திருப்பார், கடிதம் போடச் சொல்லியிருப்பார், சிரித்துமிருப்பார். கண்ணைச் சுற்றிய தசை அசையாத சிரிப்பு அது; டூஷேனின் கணக்கிற் பொய்ச் சிரிப்பு. அன்று அந்த மேடையில் அதைவிட மெய்யானது எதுவும் நிகழவில்லை என்று இப்போது நினைக்கின்றேன். படத்தைச் சுவரிலிருந்து கழற்றி, அடுத்த நாள் நெகற்றிவையும் கொண்டுபோய் அவர் கையிற் கொடுத்தேன். அப்போதுதான் அவருடைய பெயரைக் கேட்டேன்.

இதன் பின்னரே அமெரிக்கப் படப்பிடிப்பாளர் டொரோதியா லாங்கின் கதை எனக்குத் தெரியவந்தது. 1936 மார்ச் மாதத்தில், கலிபோர்னியாவிலுள்ள நிப்போமோ என்னுமிடத்தில், பயறு பறிக்கும் கூலிகளின் முகாமில், முப்பத்திரண்டு வயதுத் தாயொருத்தியைப் பிள்ளைகளோடு லாங் படமெடுத்தார். வறுமையின் வடிவமாக உலகெங்கும் அறியப்பட்ட படம் அது. பெயரைக் கேட்கவில்லை என்று லாங்கே பிற்காலத்தில் எழுதினார். நாற்பத்திரண்டு ஆண்டுகளின் பின், 1978 இல், அவர் புளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சன் என்று தெரியவந்தபோது, அப்படத்தை எடுக்காமல் விட்டிருக்கலாம் என்றும், அதனால் தமக்கு ஒரு சதமும் வரவில்லை என்றும் அவர் மனம் கசந்து கூறினார். இக்கதைக்கு மறுபக்கமும் உண்டு. 1983 இல் அவர் நோயுற்றுக் கிடந்தபோது, அப்படத்தை நினைவிற் கொண்ட மக்கள் கடிதங்களும் பணமும் அனுப்பினர். அவ்வாண்டே அவர் இறந்தார். லாங்கைக் குற்றவாளியாக்க என்னால் இயலவில்லை. அவருடைய படம் அம்முகாமுக்கு உணவு வர வழிசெய்தது. என் படம் எவருக்கு எதைச் செய்தது?

அதன் பின் என் முறை மாறியது. தூணின் பின்னே நிற்பதை விட்டேன். முதலில் பெயர், பின்னர் பேச்சு, கடைசியிற் கமரா. இதனால் எத்தனையோ நல்ல காட்சிகள் கைநழுவின. அதற்காக இன்றும் சில இரவுகளில் வருந்துவதுண்டு. பாடசாலையில் படப்பிடிப்புக் கழகம் நடத்தியபோது மாணவருக்கு நான் சொன்னவை மிகச் சிலவே. எவரையும் சிரிக்கச் சொல்லாதே. கைக்கு வேலை கொடு: தேங்காய் துருவுகிறவர், வலை பின்னுகிறவர், பிள்ளைக்குத் தலைவாருகிறவர் ஆகியோருக்குக் கமரா மறந்துபோகும். யன்னல் வெளிச்சம் போதும். மின்வெளிச்சம் அடித்தால் அடுத்த பத்து நிமிடத்துக்கு அவர்கள் உன்னை மறக்கமாட்டார்கள். இருவரை எடுப்பதாயின் ஒருவரைப் பற்றி மற்றவரிடம் கேள். பேசுகிறவரை விட்டு, கேட்டுக்கொண்டிருப்பவரைப் பார்.

இக்கடைசி உபாயத்தைச் சந்தையிற் சுருட்டு விற்ற சகோதரர் இருவரிடமிருந்து கற்றேன். ஆண்டுக்கணக்காக ஒரே கடையில் இருந்தவர்கள். தேவைக்கு மேல் பேசிக்கொள்ளாதவர்கள். தம்பி சிறுவயதில் எப்படி என்று மூத்தவரிடம் கேட்டேன். கிணற்றில் விழுந்த தம்பியைத் தாம் வாளிக் கயிற்றோடு இறங்கித் தூக்கிய கதையை அவர் உற்சாகமாகச் சொல்லத் தொடங்கினார். நூறு தடவை கேட்ட கதையாக இருக்க வேண்டும். இளையவர் சுருட்டுக் கட்டுகளை எண்ணிக்கொண்டே இருந்தார். ஆனால் கயிறு அறுந்த இடம் வந்ததும் எண்ணுவதை நிறுத்தி, அண்ணனின் கையிலிருந்த தழும்பைப் பார்த்தார். அதுவே அந்தப் படம். இருவரில் எவரும் கமராவை நோக்கவில்லை. என்னை அறியாதவர்களாகவும் இருக்கவில்லை.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினோம். என் நெகற்றிவ் பெட்டிகள் இரண்டும் வீட்டோடு போயின. பாட்டனாரின் எட்டுப் படங்களும், சுருட்டுக்கடைச் சகோதரரும் அவற்றுள் அடக்கம். இதனை விரிக்க விரும்பவில்லை. இவ்வூரில் எவரைக் கேட்டாலும் ஒரு அல்பத்தின் கதை இருக்கும்.

2018 ஆம் ஆண்டில், ஓய்வு பெற்று வீட்டிலிருந்த என்னைத் தேடி ஒரு பெண் வந்தார். தம் பெரியம்மா என்னைக் காண விரும்புவதாகச் சொன்னார். போனேன். புகையிரத மேடையில் அழுத அந்தத் தாய், எண்பது வயதை எட்டியவராய், யன்னலோரக் கட்டிலில் இருந்தார். என்னை அடையாளங் கண்டுகொள்ள நேரமெடுக்கவில்லை.

“தம்பி, அந்தப் படம் இருக்குதோ?”

“நெகற்றிவையும் சேர்த்து உங்களிட்டைத் தந்திட்டன் அம்மா.”

“தந்தனீங்கள்தான். றங்குப் பெட்டிக்குள்ள வைச்சிருந்தனான். இடம்பெயர்ந்து திரும்பிவர வீட்டில ஒண்டுமில்லை. உங்களிட்டை வேறை கொப்பி இருக்குமோ எண்டு கேட்டனான்.”

ஏன் இப்போது என்று கேட்டேன்.

“கனடாவில இருந்து எடுக்கிற நேரமெல்லாம் சொல்லிக் காட்டுறான் தம்பி. அண்டைக்கு நீ ஒரு சொட்டுக் கண்ணீர் விடேல்லை அம்மா, கல்லு மாதிரி நிண்டனீ எண்டு. பகிடியாத்தான் சொல்லுறான். எண்டாலும் முப்பத்தினாலு வருசமாச் சொல்லுறான்.”

கண்காட்சிச் சுவரிலிருந்து கழற்றிய பிரதியையும் அன்றே அவரிடம் கொடுத்திருந்தேன். வேறு பிரதி இல்லை. அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை, அவரே விளங்கிக்கொண்டார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மாலை ஆறு மணியளவில் மகனிடமிருந்து கைத்தொலைபேசியில் அழைப்பு வந்தது. முகம் பார்த்துப் பேசும் அழைப்பு. பெறாமகள் அதை அவர் கையிற் கொடுத்தார். முதியவர் பழைய வழக்கப்படி திரையைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். அந்தப் பக்கத்தில் இருந்தவருக்கு நரைத்த கூந்தலும் ஒரு காதும் தவிர வேறெதுவும் தெரிந்திருக்காது. “பெரியம்மா, முகத்துக்கு நேர பிடியுங்கோ” என்று பெறாமகள் வாயெடுத்தார். வேண்டாம் என்று கையால் மறித்தேன். மகனும் திருத்தவில்லை, பழகியிருக்க வேண்டும். அந்தக் காதோடுதான் அவர் பேசிக்கொண்டிருந்தார்.

கமராவைத் தூக்கிக் காட்டி, எடுக்கட்டோ என்று சைகையாற் கேட்டேன். முதியவர் தலையசைத்தார். யன்னலில் வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. திரையின் வெளிச்சம் அவருடைய கன்னத்து எலும்பில் நீலமாகப் பட்டது. மூன்று படம் எடுத்தேன். பேச்சு முடிந்து தொலைபேசியைப் பெறாமகளிடம் நீட்டிய பின்னர், காதை ஒருமுறை தடவிக்கொண்டார். அதற்கென்று வைத்திருந்த நாலாவதையும் எடுத்தேன்.

அடுத்த கிழமை நாலையும் அச்சிட்டுக் கொண்டுபோனேன். கண்ணாடியைப் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்து, கடைசிப் படத்தைப் புறம்பாக எடுத்து வைத்தார். அதை மகனுக்கு அனுப்பலாம் என்றார். பின்புறத்தில் தம் பெயரையும் மகனின் பெயரையும் திகதியையும் எழுதச் சொன்னார், எழுதிக் கொடுத்தேன்.